தங்க மலைக்குப் போன கப்பல்



பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். எதை எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த வேளையில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனே எனக்குத் தலைப்பு எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அமெரிக்காவில் தங்கம் கண்டெடுத்த கதையை அன்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். நியூயார்க்கில் கப்பல் ஏறினார்கள், பனாமாவில் இறங்கி அந்தப் பக்கம் வேறு கப்பல் ஏறினார்கள், சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவன் எழுந்து சுவரில் தொங்கிய உலகப் படத்தண்டை போனான். பனாமாவின் மேல் விரலை வைத்தான்.

"சார், இங்கே இறங்குனா அந்தப் பக்கத்துக் கப்பல் வரைக்கும் எப்படிப் போனாங்க? மூட்டை முடிச்செல்லாம் யார் சார் தூக்குனது?"

நான் சற்றுத் திகைத்துத்தான் போனேன். தங்கம் எடுத்தவன் பெயர் எனக்குத் தெரியும். மூட்டை தூக்கியவனைப் பற்றி நான் எண்ணிப் பார்த்ததே இல்லை! "நாளைக்குச் சொல்றேன், உட்காரு" என்றேன். அந்த நாளை பல வாரங்கள் ஆகிவிட்டது. அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

1848-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், கலிபோர்னியாவில் கொலோமா என்னும் இடத்தில், ஆற்றோரம் மரம் அறுக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல் என்பவரின் கண்ணில் தங்கத் துணுக்குகள் பட்டன. செய்தி மெல்லப் பரவியது. அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் ஜனாதிபதி ஜேம்ஸ் போல்க், "ஆம், அங்கே தங்கம் உண்மையாகவே உண்டு" என்ற பொருள்பட நாட்டின் மன்றத்துக்கே அறிவித்துவிட்டார். அவ்வளவுதான்! உழுதவன் கலப்பையைப் போட்டான், கடைக்காரன் கடையைச் சாத்தினான். எல்லாரும் கலிபோர்னியாவுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

ஆனால் எப்படிப் போவது? அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருப்பவனுக்கு மேற்குக் கரை அன்று வேறோர் உலகம். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மலையும் பாலையும் தாண்டிப் போகலாம். பாய்மரக் கப்பலில் தென் அமெரிக்காவின் அடிமுனையான ஹார்ன் முனையைச் சுற்றிப் போகலாம். அதற்கு ஐந்து மாதம் முதல் எட்டு மாதம் வரை பிடிக்கும். அவசரக்காரர்களும் கையில் காசு உள்ளவர்களும் மூன்றாவது வழியைப் பிடித்தார்கள். அதுதான் பனாமா வழி. வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் ஒட்டிவைத்தாற்போல் இருக்கும் அந்த ஒடுங்கிய பூசந்தியை, இந்தப் பக்கம் இறங்கி நிலத்திலே கடந்து, அந்தப் பக்கம் பசிபிக் கடலில் வேறு கப்பல் ஏற வேண்டும். நம் வகுப்புப் படத்தில் அவ்விடத்தில் நீலக் கோடு ஒன்று தெரிகிறதே, அந்தக் கால்வாய் 1914-ல்தான் திறக்கப்பட்டது. அன்று அங்கே இருந்தது காடும் சேறும் மட்டுமே.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம்.

அட்லாண்டிக் பக்கத்தில் சாக்ரஸ் என்னும் ஆறு கடலில் கலக்கிறது. அங்கே இறங்கியவர்கள், ஒரே மரத்தைக் குடைந்து செய்த நீண்ட ஓடங்களில் ஏறினார்கள். அவ்வூர்க் கறுப்பின மக்களும் பழங்குடி மக்களும் நீண்ட கழியை ஊன்றி ஊன்றி, நீரோட்டத்தை எதிர்த்து அந்த ஓடங்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேலே உச்சி வெயில், இல்லையென்றால் கொட்டும் மழை. மூன்று நான்கு நாள் இப்படிப் போனால் கொர்கோனா, குரூசஸ் என்ற ஊர்கள் வரும். அங்கிருந்து கோவேறு கழுதை. ஸ்பானியர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கல் பரப்பிய பாதை அது. கல் பெயர்ந்து, பள்ளம் விழுந்து, கழுதையின் வயிறு வரை சேறாகக் கிடந்தது. கழுதை கிடைக்காதவர்கள் நடந்தார்கள். அவர்களுடைய பெட்டிகளை உள்ளூர்க்காரர்கள் முதுகில் சுமந்தார்கள். வெள்ளிக்கட்டிகளையும் மூட்டைகளையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து பழகிய முதுகுகள் அவை.

முடிவில் பனாமா நகரம். கடற்கரை ஆழமில்லாதது, கடல் வற்றினால் வெகு தூரத்துக்குச் சேறுதான். கப்பல் தள்ளி நிற்கும், பயணிகள் படகு ஏறித்தான் போக வேண்டும். அந்தப் படகு வரைக்கும் கூடப் பல கனவான்கள் கால் நனையாமல் கூலியாள் முதுகில் ஏறித்தான் போனார்கள்! "பெட்டியை மட்டுமில்லைடா, ஆளையும் சேர்த்துத்தான் தூக்குனாங்க" என்று மாணவனிடம் சொன்னேன். வகுப்பே சிரித்தது.

சிரிக்கும் விஷயம் அதோடு சரி. அவ்வழியில் மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் வாந்திபேதியும் காத்திருந்தன. பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான யுலிசஸ் கிராண்ட், 1852-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இளம் இராணுவ அதிகாரியாகத் தம் படையோடும் அவர்களுடைய குடும்பங்களோடும் இப்பூசந்தியைக் கடந்தார். ஏற்பாடு செய்திருந்த கோவேறு கழுதைகள் வந்து சேரவில்லை. காத்துக் கிடந்த இடத்தில் வாந்திபேதி பிடித்துக்கொண்டது. ஆண், பெண், பிள்ளைகள் என்று நூற்றுக்கு மேற்பட்டவர்களை அங்கே புதைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் கப்பல் ஏறினார்கள்.

இப்போது பசிபிக் பக்கத்துக் கப்பலுக்கு வருவோம். அதன் பெயரும் 'கலிபோர்னியா'தான். நியூயார்க் வணிகர் வில்லியம் ஆஸ்பின்வால் என்பவர் 1848-ல் பசிபிக் மெயில் நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 'கலிபோர்னியா', 'ஒரிகன்', 'பனாமா' என்று மூன்று கப்பல்கள் கட்டினார். தங்கத்துக்காக அல்ல, தபாலுக்காக! மேற்குக் கரைக்குத் தபால் கொண்டுபோக அரசாங்கத்தோடு அவருக்கு ஒப்பந்தம் இருந்தது.

'கலிபோர்னியா' மரத்தால் ஆன கப்பல். சுமார் 200 அடி நீளம். இரு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள். காற்று வாய்த்தால் விரிக்கப் பாய்மரமும் உண்டு. 1848 அக்டோபர் 6-ஆம் நாள் நியூயார்க்கை விட்டுப் புறப்பட்டபோது ஜனாதிபதியின் அறிவிப்பு வெளிவரவில்லை. ஆகவே கலிபோர்னியாவுக்குப் போகவென்று ஏறியவர்கள் மிகச் சிலரே. கப்பல் ஏறக்குறைய காலியாக, மகெல்லன் நீரிணை வழியாகத் தென் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனது.

இவ்விடத்தில் நிலக்கரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நீராவிக் கப்பல் என்றால் பொத்தானை அழுத்தினால் ஓடும் வண்டி அல்ல. கப்பலின் அடிவயிற்றில், காற்றே நுழையாத இடத்தில், இரவு பகலாக முறை போட்டுக்கொண்டு ஆட்கள் கரியை வாரி வாரி உலையில் போட வேண்டும். நம் தோட்டத்து ஆலையில் புகைக்கூண்டுக்கு விறகு போட்டவர்களுக்கு அந்த வெக்கை என்னவென்று ஓரளவு தெரியும். அவர்களுக்காவது வெளியே வந்தால் காற்று உண்டு. கப்பல் தரை ஆடாது. பசிபிக் கரையிலோ அன்று கரி எளிதில் கிடைக்காது. இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் போன்ற இடங்களிலிருந்து பாய்மரக் கப்பல்களில் கரி ஏற்றி, ஹார்ன் முனையைச் சுற்றிக் கொண்டுவந்து முன்கூட்டியே சேர்த்து வைத்தார்கள். நீராவிக் கப்பலுக்குச் சோறு போட்டதே பாய்மரக் கப்பல்தான்!

பெரு நாட்டுத் துறைமுகமான கயாவோவைத் தொட்டபோது தங்கச் செய்தி அங்கே எட்டியிருந்தது. பெரு நாட்டவர் பலர் பணம் கட்டி ஏறிக்கொண்டார்கள். 1849 ஜனவரி 17-ஆம் நாள் கப்பல் பனாமாவை அடைந்தது. கரையைப் பார்த்த மாலுமிகள் அசந்து போனார்கள். நூற்றுக்கணக்கான அமெரிக்கர்கள் பூசந்தியைக் கடந்து வந்து, இந்த ஒரே கப்பலுக்காகத் தவமிருந்தார்கள்! இருநூறு பேர் வசதியாகப் போகக்கூடிய கப்பல் அது. கப்பலில் பெரு நாட்டவர் இருப்பதைக் கண்டதும் கரையில் கூச்சல் கிளம்பியது. "அமெரிக்கக் கப்பலில் அமெரிக்கனுக்கு இடமில்லையா? அவர்களை இறக்கு!" என்றார்கள். அங்கே வந்திருந்த இராணுவத் தளபதி பெர்சிஃபர் ஸ்மித், அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதார் அரசாங்க நிலத்தில் தங்கம் தோண்டினால் அத்துமீறியவர்களாகவே கருதப்படுவார்கள் என்று எச்சரித்துக் கடிதமே எழுதினார். பெரு நாட்டவர் முறையாகச் சீட்டு வாங்கியவர்கள் அல்லவா? இறங்க மறுத்தார்கள். கடைசியில் இடத்தைச் சுருக்கிக்கொண்டு அதே கப்பலில்தான் போனார்கள். அவர்கள் பக்கமே நியாயம் என்பது என் எண்ணம்.

கீழ்த்தட்டுச் சீட்டின் விலை 100 டாலர். அதுவே கைமாறிக் கைமாறி ஆயிரம் டாலர் வரை விலை போனதாகச் சொல்வார்கள். ஏறக்குறைய நானூறு பேரைத் திணித்துக்கொண்டு கப்பல் கிளம்பியது. வழியில் கரி தீரத் தொடங்கியது. உதிரி மரக்கட்டைகளை எரித்தார்கள். மான்டரே என்ற ஊரில் நிறுத்தி, கரையிறங்கி மரம் வெட்டினார்கள். அப்புறம் பார்த்தால் கப்பலுக்குள்ளேயே ஒரு மூலையில் கரி மூட்டைகள் மறைந்து கிடந்தனவாம்! மரம் வெட்டியவர்கள் என்ன சொல்லித் திட்டியிருப்பார்கள் என்பதைப் பள்ளி மலரில் எழுத முடியாது.

1849 பிப்ரவரி 28-ஆம் நாள் 'கலிபோர்னியா' சான் பிரான்சிஸ்கோவில் நங்கூரம் பாய்ச்சியது. ஊர் திரண்டு வந்து ஆர்ப்பரித்தது. பயணிகள் மலைப்பக்கம் ஓடினார்கள். அவர்கள் பின்னாலேயே மாலுமிகளும் ஓடினார்கள்! கரி அள்ளிப் போட்டவர்கள், சமையற்காரர்கள், எடுபிடிப் பையன்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கேப்டனும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருமே மிஞ்சினார்கள். பிரட்டுக்கு ஆளே வராத தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். பால்மரம் இருக்கிறது, ஆலை இருக்கிறது, துரை இருக்கிறார். வேலை மட்டும் நடக்காது. அந்த நிலைதான்! திரும்பிப் போகக் கரியும் இல்லை, கரி போட ஆளும் இல்லை. தபாலைக் குறித்த நாளில் சேர்க்கக் கட்டிய கப்பல் இரண்டு மாதம் சும்மா கிடந்தது. கரி வந்து, முன்பைவிடப் பல மடங்கு கூலி பேசி ஆள் பிடித்து, மே 1-ஆம் நாள்தான் அது கிளம்பியது.

இதைக் கேள்விப்பட்ட இரண்டாவது கப்பலான 'ஒரிகன்' கேப்டன் வேறு உபாயம் செய்தார். ஏப்ரல் 1-ஆம் நாள் வந்தவுடன் போர்க்கப்பல் ஒன்றின் பக்கத்தில் போய் நங்கூரமிட்டார். ஓட முயன்றவர்களைப் பிடித்து அடைத்து வைத்தார். ஏப்ரல் 12-ல் தபாலோடும் தங்கத்தோடும் திரும்பிவிட்டார். கெட்டிக்காரர்தான். ஆனால் விலங்குக்குப் பயந்து கரி அள்ளியவனின் மனம் எப்படி இருந்திருக்கும்?

பாய்மரக் கப்பல்களின் நிலை இன்னும் மோசம். ஆளில்லாமல் நூற்றுக்கணக்கான கப்பல்கள் அந்தத் துறைமுகத்தில் கிடந்தன. சிலவற்றைக் கரையில் இழுத்துப் போட்டுக் கடையாகவும் கிடங்காகவும் ஆக்கினார்கள். அவற்றைச் சுற்றி மண் கொட்டித் தெருவும் போட்டுவிட்டார்கள். 'நயான்டிக்' என்ற அத்தகைய ஒரு கப்பலின் அடிப்பாகம், 1978-ல் கட்டடத்துக்குக் குழி தோண்டியபோது நகரின் நடுவிலே வெளிப்பட்டது. சீனர்கள் அந்நகரை 'பழைய தங்க மலை' என்றே சொல்கிறார்கள். உங்கள் பக்கத்துக் கடைச் சீனப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

அடுத்த சில ஆண்டுகளில் கப்பல்கள் முறையாக ஓடத் தொடங்கின. ஊரில் கப்பல் வரும் நாளும் போகும் நாளும் திருநாள் மாதிரி. கப்பல் புறப்படும் முன் கடன் வசூல், கடிதம் எழுதுதல் என்று ஊரே பரபரக்கும். குன்றின் மேல் ஒரு கம்பத்தில் மரக்கைகளை நீட்டி, வருவது எந்த வகைக் கப்பல் என்று அடையாளம் காட்டுவார்கள். இரு கைகளும் நீண்டிருந்தால் துடுப்புச் சக்கரக் கப்பல். ஒரு நாள் நாடக மேடையில் நடிகர் இரு கைகளையும் விரித்து, "இதன் பொருள் என்ன?" என்று உருக்கமாகக் கேட்க, "துடுப்புச் சக்கரக் கப்பல்!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினானாம்.

பூசந்தியில் ரயில் பாதையும் வந்தது. 1850-ல் தொடங்கி 1855 ஜனவரியில் முடித்தார்கள். சுமார் 47 மைல் தூரம். நாட்கணக்கில் பட்ட பாடு சில மணி நேரமாகக் குறைந்தது. கட்டணம் 25 டாலர். ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் சீனாவிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து சதுப்பில் இறக்கினார்கள். 1854-ல் வந்த சீனர் சுமார் ஆயிரம் பேர். சில மாதங்களுக்குள் காய்ச்சலால் செத்தவர்களும், மனமுடைந்து தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்களுமாக நூற்றுக்கணக்கானோர் மறைந்தார்கள். மிஞ்சியவர்களில் பலரை ஜமைக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளையர் அல்லாத தொழிலாளர்களின் சாவுக்குக் கம்பெனி சரியாகக் கணக்குக்கூட வைக்கவில்லை. சிலிப்பர் கட்டைக்கு ஓர் உயிர் என்ற பேச்சு பனாமாவிலும் எழுந்தது. சயாம் மரண ரயிலைப் பற்றி நம் லயத்துப் பெரியவர்கள் சொன்ன அதே பேச்சு!

ரயில் வந்ததால் ஓடக்காரர்களுக்கும் கழுதைக்காரர்களுக்கும் பிழைப்புப் போனது. அந்தக் கசப்பு ஒரு தர்ப்பூசணித் துண்டில் வெடித்தது. 1856 ஏப்ரல் 15-ஆம் நாள், பனாமா ரயில் நிலையத்தருகே கப்பலுக்குக் காத்திருந்த ஜேக் ஆலிவர் என்ற அமெரிக்கன், குடிபோதையில் ஹோசே மனுவேல் லூனா என்ற வியாபாரியிடம் ஒரு துண்டு தர்ப்பூசணி வாங்கித் தின்றுவிட்டுக் காசு தர மறுத்தான். விலை வெறும் சில காசு. வாய்ச்சண்டை துப்பாக்கிச் சூடாகி, கலவரமாகி, பதினைந்து அமெரிக்கர்களும் உள்ளூர்க்காரர் இருவரும் மாண்டார்கள் என்பது கணக்கு. முடிவில் அமெரிக்கப் படை வந்து இறங்கியது. நாலு லட்சம் டாலருக்கு மேல் நட்டஈடு கட்ட அந்நாட்டு அரசு ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

கரையோரமாக வடக்கே போன கப்பல்களையும் சொல்ல வேண்டும். 1858-ல் இன்றைய கனடாவின் ஃபிரேசர் ஆற்றில் தங்கம் என்ற செய்தி வந்தது. 'கொமடோர்' என்ற கப்பல் சுமார் 450 பேரோடு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 25-ஆம் நாள் விக்டோரியாவை அடைந்தது. ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்திலிருந்து வெளியே வந்த மக்கள் கண்ணை நம்பவில்லை. அவ்வூரின் சனத்தொகையே சில நூறுதான்! வந்தவர்களில் 35 பேர் கறுப்பர்கள். கலிபோர்னியாவில் வெள்ளையனுக்கு எதிராகக் கறுப்பன் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக் கூடாது என்று சட்டம் இருந்தது. அந்த அவமானம் இல்லாத ஊரைத் தேடியே அவர்கள் கப்பல் ஏறினார்கள். தங்கக் கப்பலில் தங்கத்துக்காக அல்லாமல் போனவர்களும் இருந்தார்கள் என்பதை நான் படித்தபோது, அந்தப் பக்கத்தை உடனே புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

அதே கப்பலின் பழைய பெயர் 'பிரதர் ஜோனதன்'. பிறகு மீண்டும் அப்பெயரே சூட்டினார்கள். 1865 ஜூலை 30-ஆம் நாள், கிரெசன்ட் சிட்டி என்ற ஊருக்கு அருகில், புயலுக்கு அஞ்சித் துறைமுகம் திரும்பும் வழியில் அது பாறையில் மோதியது. பாரம் அதிகம் என்று கேப்டன் முன்பே ஆட்சேபித்ததாகவும், அவர் பேச்சு எடுபடவில்லை என்றும் கூறப்படுகிறது. கப்பலில் இருந்தவர்கள் 244 பேர். ஒரே ஒரு படகு கரை சேர்ந்தது. அதில் இருந்தவர்கள் 19 பேர். அந்தப் பாறைத் திட்டில் பின்னர் ஏழு லட்சம் டாலர் செலவில் கலங்கரை விளக்கம் கட்டி, 1892-ல் விளக்கேற்றினார்கள்.

1869 மே 10-ஆம் நாள் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் ரயில் பாதை இணைத்தது. பனாமா வழியின் மவுசு குறைந்தது. முதல் கப்பலான 'கலிபோர்னியா' என்ன ஆயிற்று என்று என் மாணவன் கடைசியாகக் கேட்டான். அதன் இயந்திரத்தை 1875-ல் கழற்றிவிட்டுப் பாய்மரக் கப்பலாக மாற்றினார்கள். அதன்பின் இருபது ஆண்டுகள் போல அது மரமும் நிலக்கரியும் சுமந்து திரிந்தது. 1890-களின் நடுவில், பெரு நாட்டுக் கரையில், பக்காஸ்மாயோ என்ற இடத்தருகே தரைதட்டி உடைந்து போயிற்று.